குட்டையாகிப்போன வேப்பங்கன்று

தை முதல் நாள், இரவு

பெரிய சேதி, என் வேப்பங்கன்று ஒரே வருடத்தில் ஒரு முழம் குட்டையாகிவிட்டதை இன்று எங்கள் சேவைச் சங்கமே கண்டுபிடித்துவிட்டது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் விடிவதற்குள் பந்தல்குடி ரோட்டோரம் கூடுவோம். பொங்கல் வைத்துவிட்டு, அங்கே ஆளுக்கொன்றாக நட்டு ஞாயிறுதோறும் விடியலில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் கன்றோடு படம் எடுப்போம். கன்றைச் சாகவிட்டவர்களுக்கு மறு கன்று கிடையாது, அதுதான் சங்கத்தின் சட்டம். சித்திரையில் மூன்று ஞாயிறு நான் தூங்கிவிட்டேன், என் கன்று கருகிவிட்டது. மழை வந்ததும் யாரிடமும் சொல்லாமல் அதே குழியில் வேறொன்று நட்டேன். போன வருடப் படத்தைச் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போட்டதே நான்தான் என்பது மறந்தே போனது.

சங்கத்துக் கார்த்தி அதைத் தேடி எடுத்துவிட்டான்.

"ஏ புள்ள, போன வருசம் உன் தோளுக்கு நின்னுச்சு. இப்ப இடுப்புக்கு நிக்கிது. நீயா வளந்துட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லிவிட்டேன். சட்டப்படி இனி எனக்குக் கன்றும் இல்லை, ஞாயிறு விடியலும் இல்லை.

தலைவி செல்வி அக்கா குனிந்து கன்றின் அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"இதுக்கு யாரு தண்ணி ஊத்துறா?"

"நான்தான்க்கா. புதன்கிழமையும் வாரேன்."

"அப்ப இது உன் கன்னுதான். செத்ததுக்குத் தண்டனையா எதிர்ப்பக்கம் இருக்குற பத்துக் கன்னுக்கும் நீயே ஊத்து. பொங்கலு ஆறுது, வா."

பத்துக்கும் ஊற்ற ஒருத்தியால் முடியாது. இப்போதுதான் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: "ஞாயித்துக்கெழம அஞ்சரைக்குக் குடத்தோட வாங்க. வாரவுக கையத் தூக்குங்க."

இதுவரை ஒரே ஒரு கை. கார்த்தியுடையது.