அண்டாவுக்குள் ஆபீஸ்

என்னை மகன் வீட்டுச் சமையலுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும் மகராசிக்கு, உன் புருஷன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி?

நம் மருமகளைப் போல ஒரு கெட்டிக்காரியை நீ பார்த்திருக்க மாட்டாய், கண்ணாடியில்கூட. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாள். ஒரு வாரமாக மத்தியானம் ஆனால் வைஃபை அறுந்து, ஆபீஸ் சாஃப்ட்வேர் அவளை வெளியே தள்ளிவிடும். இன்னொரு தடவை அறுந்தால் வேலை போய்விடும் என்றார் மேனேஜர்.

அவள் பதறவில்லை. காலையில் ஓடுவது சாப்பாட்டுக்குப் பிறகு ஏன் படுக்கிறது என்று யோசித்து, லேப்டாப்பை ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தாள். கூடத்தில் நான் குட்டித்தூக்கம். பக்கத்தில் வைஃபை பெட்டி, அதன்மேல் கவிழ்த்த எவர்சில்வர் அண்டா.

"மாமா, உள்ள என்ன வேகுது?"

"அந்த லைட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்குதும்மா. தூக்கம் வரல, மூடிட்டேன்."

"வெந்தது என் வேலை மாமா!"

சிரித்தாளே தவிர, திட்டவில்லை. மேனேஜரிடமும், "கோளாறு கண்டுபிடிச்சுட்டேன் சார், இனிமே அறுந்துபோகாது" என்றதோடு சரி. நீயாக இருந்தால் தெருவுக்கே சொல்லியிருப்பாய்.

இப்போது அண்டா அடுக்களையில், நான் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறேன். கண்மேல் போட்டுக்கொள்ள உன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. குக்கர் கத்துகிறது, எழுந்திருக்கிறேன்.