நீ தட்டினாய், நான் பேசினேன்

பரணிலிருந்து இறக்கிய கம்பளியை இன்று பிரித்ததும் அந்துருண்டை வாசம் எழுந்தது. மறுகணம் மாமல்லபுரத்தில் உன் மாடி அறையில் இருந்தேன். பக்கத்துச் சிற்பக்கூடத்தின் உளிச்சத்தம் நாம் பதிவுசெய்யும் பாடத்தில் விழாமலிருக்க இதைத்தான் சன்னலில் தொங்கவிடுவோம். அப்படியும் விழும்.

ஊருக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. செங்கல்பட்டில் ஜாவா என்ற கணினி மொழி கற்பித்துவந்த வேலையை விட்டுவிட்டு, இணையத்தில் தமிழிலேயே வீடியோ பாடம் நடத்தப்போவதாகச் சொன்னாய். "செய்யூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி எவடி வருவா? பாடம் அவ வூட்டுக்குப் போவட்டும்." கேமராவைப் பிடிக்க நான். தோழி என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

கம்பளியின் இழைகளுக்கிடையே புகுந்த வெயில் உன் கைகளில் பொட்டுப்பொட்டாய் அசையும். நீ பேசப்பேச, கடல் எங்கோ தூக்கத்தில் மூச்சு விடும். அந்த மதியங்களுக்கு முடிவே இல்லை என்றிருந்தேன்.

பிறகு உன் தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் திரும்பவில்லை. பாடங்கள் பாதியில் நின்றன. "அக்கா, மீதி எப்போ?" என்று பாடம் பார்த்துவந்த பெண்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் நீ மைக்கை என் துப்பட்டாவில் குத்திவிட்டு, கணினியில் எழுத்துகளைத் தட்டித் திரையில் காட்டினாய்: "நீ பேசு."

"எனக்கு இன்னா தெரியும்னு பேசச் சொல்ற?"

"தெரியாததாலதான். உனக்குப் புரியலன்னா அங்க அவளுக்கும் புரியாது. வாய்விட்டுச் சொல்லு."

அன்றைய பாடம் லூப், ஒரே வேலையைக் கணினி திரும்பத் திரும்பச் செய்வது. அது எங்கே நிற்கும் என்பது எனக்கு விளங்கவேயில்லை. "புரியலடி" என்றேன். எழுதியதை அழித்தாய். வேறு மாதிரி எழுதினாய். மறுபடி அழித்தாய். கடைசியில், "மாவு இருக்கிற வரைக்கும் தோசை ஊத்து. தீர்ந்தா அடுப்பை அணை" என்று தட்டினாய்.

"அட, இவ்ளோதானா!" என்று கத்திவிட்டேன். அதை நீ வெட்டவிடவில்லை. 'அந்த இடத்துலதான்க்கா எனக்கும் புரிஞ்சிது' என்று செய்யூர்ப் பெண்ணொருத்தி எழுதியபோது, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாய். அப்படியே மீதிப் பாடங்களையும் முடித்தோம்.

அடுத்த மழைக்காலத்தில், உன்னைச் சேர்த்திருந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் டாக்டர் என்னிடம் வந்து ஏதோ சொன்னார். "புரியல சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றேன். பொறுமையாக, எளிய வார்த்தைகளில் மறுபடி சொன்னார்.

நீ இல்லை என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ள மட்டும் கூச்சமில்லை.