என் சமையலறையில் நடக்காத கூட்டம்

சார்க் தீவு
1998 அக்டோபர் 9

அன்பு மகள் ஜூடித்துக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் உன் இருமல் விட்டதா என்று மறக்காமல் எழுது. அப்பாவுக்கு இந்த வாரம் நண்டு நிறையக் கிடைத்தது, கூடவே முழங்கால் வலியும் வந்தது, சொன்னால் கேட்கிற மனுஷரா. ஊர்ப் பேரைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பேசாமல் இங்கிலாந்தோடு சேர்ந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். பொய்க் கம்பெனிகளின் தீவு என்று நீ பத்திரிகையில் படித்ததை எழுதினாய், நான் நடந்ததைச் சொல்கிறேன் கேள்.

நான் கையெழுத்துப் போட்டது உண்மைதான். பக்கத்துக் கெர்ன்சித் தீவிலிருந்து ஒரு வக்கீலின் ஆள், லண்டனில் டைப் அடித்த தாள்களை மாதாமாதம் படகில் கொண்டுவந்து, கையெழுத்துக்குக் காசும் தருவான், என்ன செய்கின்றன என்றே தெரியாத நாற்பது கம்பெனிகளுக்கு நான் இயக்குநர், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். இங்கே வருமான வரி கிடையாது, கேள்வி கேட்க ஆளும் கிடையாது, அதனால்தான் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் நம்மைத் தேடி வந்தார்கள். ஜூலையில் அவன் நீட்டிய தாளில், செவ்வாய்க்கிழமை என் சமையலறையில் கூட்டம் நடந்ததாகவும், ஜெனீவாவிலிருந்து நாலு பேர் வந்து உட்கார்ந்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டதாகவும் இருந்தது. அன்றைக்கு அங்கே நானும் அடுப்பில் வெந்த நண்டும்தான் இருந்தோம். எல்லாரும் போடுவதுதானே என்று சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, இத்தனை வருஷம் படிக்காமலே போட்டிருக்கிறேனே என்று. நாற்பதிலிருந்தும் விலகுகிறேன் என்று அங்கேயே எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு அதிகாரி வந்து ஊரை மண்டபத்தில் கூட்டி, பள்ளிப் பிள்ளைகளை அதட்டுவதுபோல, இப்படிப்பட்ட இடத்துக்குத் தனிச் சட்டம் எதற்கு என்று கேட்டார். நான் எழுந்து சொன்னேன்: "கையெழுத்துப் போட்டவ நான். தப்பு என்னோடது, தீவோடது இல்ல. அந்தத் தாளெல்லாம் உங்க ஊர்ல டைப் அடிச்சு வந்தது. நாங்க அரசிக்குக் கட்டுப்பட்டவங்க, உங்க பாராளுமன்றத்துக்கு இல்ல, நானூறு வருஷமா இப்படித்தான். எங்க ஓட்டையை நாங்களே அடைச்சுக்குவோம்." அவர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டார்.

சொன்னபடியே, யாருடையது என்று தெரியாத கம்பெனிக்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்று, நான் உறுப்பினராக இருக்கும் நம் தீவுச் சட்டசபையில் சட்டம் கொண்டுவந்தேன். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றேன். இப்போது ரொட்டிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சில்லறை தருகிறார். பரவாயில்லை, ஈஸ்டர் கூட்டத்தில் திரும்பக் கொண்டுவருவேன், அதிலும் தோற்றால் அதற்கடுத்த கூட்டத்தில். தப்பை ஒத்துக்கொண்டதற்காக, வீடு மாதிரியான இந்தத் தீவை இங்கிலாந்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் சத்தமாகச் சொல்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் வைக்காமல் போட்டுக்கொள். உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும்.

உன் அம்மா,
அடேல் வோடின்

பி.கு.: உன் ஹெஸ்டர் அத்தை, ஊரிலேயே அதிகக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போடுகிறவள், சபையில் எனக்கு எதிராகக் கை தூக்கியவள், நேற்று வந்தாள். அரை மணி நேரம் மழையைப் பற்றியே பேசிவிட்டு, கதவருகே போய், "ஈஸ்டருக்கு என் ஓட்டு உனக்குத்தான் அண்ணி" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லாதே, உன் அப்பாவிடமே நான் இன்னும் சொல்லவில்லை. அவள் இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பக்கமும் சமம், ஜெயிக்க இன்னும் ஒரு ஓட்டுதான் வேண்டும்.