தலைகீழ் அன்னம்

2003 தை, செவ்வாய் இரவு

கல்யாணப் புடவைக்கு நான் கம்ப்யூட்டரில் வரைந்த அன்னப் பார்டர் டிசைன் காலையில் திறக்கவே இல்லை. நாளை தறிக்குப் போக வேண்டியது. ஃபைலின் உள்ளே எழுத்து எழுத்தாகப் பார்த்துத் திருத்த, இலவச ஹெக்ஸ் எடிட்டர்கள் மூன்றை இறக்கினேன். ஒன்று சேமிக்கப் பணம் கேட்டது. இன்னொன்று கேட்காமலே சேமித்து நகலைக் கெடுத்தது; அந்தச் சனியனை உடனே அழித்தேன். மூன்றாவதில் வரிக்கு எத்தனை எழுத்து என்று நாமே வைக்கலாம். பார்டரின் இழைக் கணக்கை வைத்தேன். புள்ளியும் எழுத்துமாக அன்னமே தெரிந்தது!

மனைவி செல்வி தலையைக் கவிழ்த்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, தலகீழா நிக்குது?"

"இந்த வகை ஃபைல்ல கீழ்வரிதான் மொதல்ல வரும். ஆரம்பத்துல ரெண்டு எழுத்துதான் பூடுச்சி."

அவற்றைத் திரும்ப அடித்துச் சேர்த்தேன். டிசைன் திறந்தது, அன்னம் நேராக நின்றது. செல்விதான் இன்னும் தலையைக் கவிழ்த்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.