மீன் லாரியில் வந்த மருந்து

இன்று மருந்துக்கடையில் என் இன்சுலினைச் சின்னத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, ஐஸ் பொட்டலமும் போட்டுக் கொடுத்தான் கடைக்காரன். "வெயில்ல வச்சிராதிய அண்ணாச்சி" என்று வேறு சொன்னான். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்த குளிர்ச்சியில் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எழுபதுகளில் பம்பாய் மருந்துக் கம்பெனி ஒன்றுக்குத் தூத்துக்குடியில் நாம் இரண்டு பேர் விற்பனைப் பிரதிநிதிகள். தார் உருகும் வெயிலிலும் டை கட்ட வேண்டும். ஆத்தூர்ப் பக்கத்து வயக்காட்டுக்காரன் நான், கழுத்தைச் சொறிந்துகொண்டே புலம்புவேன். கடற்கரைக்காரனான நீ சிரிப்பாய். "ஏலே, ஒண்ணாந்தேதியானா தீவனம் வைக்கான்லா? கழுத்துல தும்பு கட்டத்தான் செய்வான்." அந்தக் கம்பெனியைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் மகளுக்கு நாலு வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. மூச்சுவிட அவள் பட்ட பாட்டை எந்தத் தகப்பனும் பார்க்கக் கூடாது. அதற்கான ஊசி மருந்து ஊரில் எங்கும் இல்லை. நீதான் தபால் ஆபீசுக்கு ஓடி, மெட்ராஸ் கிளைக்கு டிரங்க் கால் போட்டாய். மறுநாள் காலையில் மருந்து விமானத்தில் மதுரைக்கு வந்து இறங்கியது! கடைக்கோடியில் கிடக்கும் ஒருவனின் பிள்ளைக்காக, முகம் தெரியாத யார் யாரோ ஓடியிருக்கிறார்கள். இன்றும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் நாம் இருவரும் மதுரைக்குப் போய்ப் பெட்டியை வாங்கும்போதே மூலையில் தண்ணீர் சொட்டியது. ஐஸ் முழுக்கக் கரைந்தால் மருந்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. ஊருக்குப் பஸ்ஸில் நாலு மணி நேரமாவது ஆகும். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திலே. நம்மூரு மீன் லாரி எதுக்குக் கெடக்கு?" என்றாய். மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டுத் திரும்ப நின்ற லாரியின் டிரைவர் உன் மாமா. மரப்பெட்டியில் மிச்ச ஐசை உடைத்து நிரப்பி, நடுவில் உமியைக் குவித்து, அதற்குள் மருந்தைப் புதைத்தாய். மாமா வழக்கம்போல் உப்பை அள்ளவும் பதறிவிட்டாய்.

"சேசுவே! உப்பு வேண்டாம் மாமா. உப்பு போட்டா குளிரு கூடி மருந்து உறைஞ்சு கெட்டுப்போவும்."

அது கம்பெனிப் பயிற்சியில் யாரும் சொல்லித் தராதது. டை கட்டிய இரண்டு பேர் மீன் லாரியில் போவதைப் பார்த்து வழியெல்லாம் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பெட்டியைத் திறந்தபோது பாதி ஐஸ் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் என் மகள் வாய் திறந்து தண்ணீர் கேட்டாள்.

டாக்டர் நல்ல மனுஷர். கம்பெனிக்கு நன்றிக் கடிதம் எழுதினார். மீன் பெட்டியையும் விடாமல் புகழ்ந்து எழுதினார். அதுதான் வினையாகப் போயிற்று. மருந்தை மீன் லாரியில் ஏற்றியது யார் என்று கேட்டு நம் இருவருக்கும் மெமோ வந்தது. "நான் தனியாளாகச் செய்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். "நீ பிள்ளைக்காரன், சும்மா கெடலே" என்று என் வாயையும் அடைத்தாய். நானும் சும்மா கிடந்தேன். உன்னை அஸ்ஸாமுக்கு மாற்றினார்கள். "அங்கன கடலு உண்டுமாலே?" என்று மட்டும் கேட்டாய். முத்துக் குளித்த வம்சத்தில் பிறந்தவன், ஆறு வருஷம் தேயிலைத் தோட்டங்களில் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாய்.

என் பிள்ளையைக் காப்பாற்றிய அதே கை உன்னைத் தூக்கி எறிந்தது. அந்தக் கை போடும் சம்பளத்தை விட மனமில்லாமல் ஓய்வு பெறும்வரை நான் அங்கேயே இருந்தேன்.

உன் அடக்கத்தன்று உன் மனைவி என் மகளின் கன்னத்தைத் தடவியபடி என்னிடம் சொன்னார்கள்: "இவளுக்காவ இவுக ஒத்தையா மதுரைக்குப் போயி மருந்து கொண்டாந்தாவளாமே அண்ணாச்சி. எம்புட்டுத் தைரியம்!"

நானும் கூட வந்ததைக் கட்டிய மனைவியிடம்கூட நீ சொல்லவில்லையாடா? கம்பெனியின் பெருமையைக் கண்டு வாய்பிளந்தவன் நான். அன்று உன் கல்லறைக்கு முன்னால் நின்றும், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.