சுண்டுவின் பெயருள்ள மீன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றும் இல்லை, மனசைப் பற்றி எழுதத்தான் வரவில்லை. உன் இருமல் விட்டதா? ஈரத் தலையோடு படகில் உட்காராதே.

நீ கண்டுபிடித்த மீனுக்கு உன் தம்பி பெயரை வைத்து அனுப்பிய படத்தை ஸ்டுடியோக்காரர் ஒரு முழ நீளத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். மாடி வீட்டு டீச்சர் பார்த்துவிட்டு, இவ்ளோ பெரிய மீனையா இத்தனை நாளா யாரும் பாக்கல என்று கேட்டார். உன் அம்மா சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, இவ்ளோதாங்க இருக்கும், அதான் எங்க சுண்டு பேரு என்று சிரித்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதிலிருந்து காலையில் படத்தைத் துடைக்கும்போதெல்லாம், இன்னிக்கு எந்தப் பாறையில மேயுறடா என்று கேட்பாள். போன வாரம் டீச்சர் உன் கட்டுரையைக் கம்ப்யூட்டரில் படித்து விளக்கினார். புது மீன் என்று காட்ட ஒன்றைப் பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு மியூசியத்தில் வைக்க வேண்டுமாம், பெயர் முதலில் அந்த பாட்டிலில் இருக்கிற மீனுக்குத்தானாம். அம்மா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இதுவும் செத்துப்போனதுதானா என்று மட்டும் கேட்டாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் வேலையின் முறை அது, உன்மேல் வருத்தம் இல்லை. உனக்கு உதவக் கடலுக்கு வந்த தம்பியை அன்று நீரோட்டம் இழுத்துப் போனதற்கும் உன்னைக் குற்றம் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. அதை நம்பாமல்தான் நீ இந்தப் பக்கமே வராமல் இருக்கிறாய் என்பது எங்களுக்குத் தெரியாதா?

நேற்று அம்மாவுக்கு நீ முன்பு போனில் சொன்னது ஞாபகம் வந்தது. எல்லாரும் பெரிய மீன்களைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போகிற பொந்துக்கு முன்னால் நீ அசையாமல் காத்துக் கிடந்தாயாம். உள்ளே இரண்டு இருந்ததாம். ஒன்றைப் பிடித்ததும் மற்றது வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டதாம். அந்த மிச்சம் இருக்குற ஒண்ணு என்ன ஆச்சுன்னு கேட்டு எழுதுங்க, தனியா கெடந்து என்ன பண்ணுதோ என்று அழுகிறாள். கேட்டுவிட்டேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. எங்களுக்குப் பிறகும் நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். அவள் கேட்டது மீனைத்தான் என்று நினைத்து மீனைப் பற்றிப் பதில் எழுதிவிடாதே. புறப்பட்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா