ஒரு துண்டு ரொட்டி

மார்ச் 12
பெட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டுக் குடியிருப்புக்குப் போனேன். உள்ளே நாங்கள் வளர்த்த ஈஸ்ட். ஈயின் மோப்ப மரபணுவை அதில் ஏற்றியிருக்கிறோம். நாற்றம் பட்டால் பச்சையாக ஒளிரும். அங்கே குடியிருக்கும் சைராகன் அக்கா வீட்டு வாசலில் வைத்ததுமே ஒளிர்ந்தது.

அக்கா சிரித்தார். "பெர்மெட், உன் ஈஸ்ட்டுக்குத் தெரியுது, நகராட்சிக்காரனுக்குத் தெரியலியே! அவனுக்கு மூக்கு எதுக்குடி, மூக்குக்கண்ணாடி மாட்டவா?"

மார்ச் 19
எங்கள் ஆய்வக இயக்குநர் மெலிஸ்பெக் கூப்பிட்டார். "காத்து நல்லா அடிக்கிற நாளாப் பாத்து அளந்தா என்ன?"
காற்று அடிக்கிற நாளில் எதற்கு? நாற்றம் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பதற்கா? எட்டு வருடம் இதற்காகவா படித்தேன்?

மார்ச் 20
மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 3
நாற்றத்தைச் சோதிக்க நகராட்சிக் குழு சைராகன் அக்கா வீட்டுக்கு வந்தது. அக்கா மேஜைமேல் துணி விரித்து, ரொட்டியும் தேநீரும் வைத்திருந்தார். தலைவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.
"பெருசா ஒண்ணும் நாத்தம் இல்லியே," என்றார். மெலிஸ்பெக் தலையாட்டினார். பெட்டி பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது, ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. எல்லோரும் எழுந்தார்கள்.

ரொட்டியைத் தொடாமல்! எங்கள் ஊரில், எவ்வளவு அவசரம் என்றாலும் ஒரு துண்டு பிட்டு வாயில் போடாமல் எந்த வீட்டிலிருந்து எழுந்திருக்கிறோம்? அக்கா முகம் செத்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.
"நாத்தம் இல்லேன்னா சாப்பிட்டுட்டுப் போங்க. ஒரு துண்டு. ஏன் முடியல?"
தலைவர் பிட்டார். மென்று விழுங்க முயன்றார். வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.
திரும்பி வந்து, பெட்டியின் அருகே குனிந்தார்.

ஏப்ரல் 4
"பெரிய மனுஷங்களை அவமானப்படுத்திட்டே" — மெலிஸ்பெக். அக்காவுக்கு நடந்ததற்கு என்ன பெயராம்?

மே 30
அறிக்கை வந்தது. எண்கள் என்னுடையவை, பெயர் மெலிஸ்பெக்குடையது. திருட்டுப்பயல். படித்துவிட்டுக் கதவை உதைத்தேன், கால் வீங்கியதுதான் மிச்சம்.
ஆனால் குப்பைமேட்டில் மண் கொட்ட ஆரம்பித்துவிட்டார்களாம்.

ஜூலை 8
அக்கா வீட்டு வாசல். பெட்டி ஒளிரவில்லை. காத்திருந்தேன் — இருட்டு. ஈஸ்ட் செத்துவிட்டதோ?
"செத்துச்சா, உசுரோட இருக்கான்னு இப்பப் பாத்துரலாம்," என்று அக்கா கோழிக்கூண்டிலிருந்து ஒரு கூமுட்டையைக் கொண்டுவந்து உடைத்தார்.
பளிச்சென்று பச்சை.
இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம்.